மூங்கில் அம்பில் இறகு நிற்க மாட்டேன் என்கிறது, எந்தப் பசை போடுவது?

ஓ.டி. அம்பு (கடலூர் முதுநகர்)

வணக்கம். ஆறு மாதமாக வீட்டிலேயே அம்பு செய்து பார்க்கிறேன், உருப்படியாக ஒன்றுகூட வரவில்லை என்பதால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். வில் மரவில், நாணை முழுசாக இழுக்க 35 பவுண்டு விசை. தண்டுக்கு மாமா வீட்டுக் கொல்லை மூங்கில், சுண்டுவிரல் பருமனில் பக்கக் கிளைகளாகப் பார்த்து வெட்டி, இரண்டு மாதம் நிழலில் காயவைத்து, அடுப்புத் தணலில் காட்டி நிமிர்த்தி எடுத்தேன். அதுவரை சரி. இறகு ஒட்டும்போதுதான் எல்லாம் கெடுகிறது.

போன கிறிஸ்துமஸ் சமயம் கறிக்கடையில் வான்கோழிச் சிறகு கேட்டு வாங்கினேன். இறகை நடுவில் பிளந்து, ஒரு சொட்டு விட்டால் உடனே பிடிக்கிற பசையால் மூன்று மூன்றாக ஒட்டினேன். ஒட்டிய அன்று இழுத்துப் பார்த்தால் கல் மாதிரி நிற்கிறது. தோப்பில் வைக்கோல் அடைத்த சாக்கில் நாலு தடவை எய்தால் ஐந்தாவது தடவை இறகு தனியாக, அம்பு தனியாக. 12 அம்பில் 9 மொட்டையாகிவிட்டன. மிச்சம் இருக்கிற மூன்றும் நேராகப் போவதில்லை, விரால் மீன் மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு போகின்றன.

போன ஞாயிறு இன்னொன்றும் நடந்தது. இறகின் முன்முனை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. விட்ட வேகத்தில் இடது கை ஆள்காட்டி விரல் மேல் அரை அங்குலம் கிழித்துக்கொண்டு போனது. ஊசி போட்டுக்கொண்டு வந்தேன், வீட்டில் வில்லைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். எந்தப் பசை நல்லது என்று சொன்னால் வில்லைக் கீழே இறக்க ஒரு காரணம் கிடைக்கும்.

கெடிலக்கரை (திருவந்திபுரம் பக்கம்)

தம்பி, முதலில் கை ஆறட்டும். அடுத்தது, நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியே தப்பு. பசையை மாற்றினால் இறகு நிற்கும் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு வேலை செய்யுங்கள். மொட்டையான அம்பு ஒன்றை எடுத்து, இறகு இருந்த இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். காய்ந்த பசை தண்டில் ஒட்டியிருக்கிறதா, இல்லை இறகோடு ஏடாகப் பெயர்ந்து வந்துவிட்டதா?

ஓ.டி. அம்பு

பார்த்தேன் அண்ணா. தண்டில் ஒன்றுமே இல்லை, பளபள என்று இருக்கிறது. பசை முழுக்க இறகோடு வந்திருக்கிறது, கண்ணாடித் தாள் மாதிரி.

கெடிலக்கரை

அதேதான். மூங்கில் தோலில் மெழுகுப் பூச்சு உண்டு, உள்ளே மணல் சத்தும் உண்டு, அதன் மேல் எந்தப் பசையும் உட்கார்ந்திருக்குமே தவிர உள்ளே இறங்காது. இறகு வரப்போகும் ஆறு அங்குலத்துக்கு மட்டும் அந்தப் பளபளப்பைக் கத்தி முதுகால் சுரண்டி, 120 நம்பர் உப்புத்தாளால் நீளவாக்கில் தேயுங்கள். தோலை முழுசாக உரித்துவிடக் கூடாது, மூங்கிலின் பலமே அந்தத் தோல்தான். மினுமினுப்பு போய் மங்கலானால் போதும்.

இறகுப் பகுதிக்குள் கணு வருகிறதா என்றும் பாருங்கள். கணு மேட்டில் ஏறி இறங்கும் இறகுக்கு இரண்டு பக்கமும் அடியில் சந்து இருக்கும். கணு அங்கே வராத மாதிரி தண்டைத் தேர்ந்தெடுங்கள், முடியாவிட்டால் அரத்தால் சமம் செய்யுங்கள். அம்பின் பின்முனையில் நாண் உட்காரும் வெட்டு இருக்கிறதே, குதை, அது மட்டும் ஒரு கணுவை ஒட்டி வந்தால் நல்லது. இல்லையென்றால் நாண் உதைக்கிற உதையில் தண்டு நீளவாக்கில் பிளந்துவிடும். உள்ளே துளையாக இருந்தால் கெட்டியான மரச் சிராயைப் பசை தடவிச் செருகிவிட்டு அப்புறம் குதை வெட்டுங்கள்.

இதெல்லாம் செய்தாலும் கட்டு போடாத இறகு ஒருநாள் வரத்தான் வரும். பசை இறகை இடத்தில் பிடித்துவைக்கத்தான், கழன்று போகாமல் காப்பது நூல்.

பழைய தச்சன் (திருப்பாதிரிப்புலியூர்)

நூல் நூல் என்று எல்லோரும் சொல்கிறீர்கள், நாற்பது வருடம் பசையோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், பசை தோற்பது கிடையாது, ஒட்டுகிறவன் தோற்கிறான். அந்த ஒரு சொட்டுப் பசை காய்ந்தால் கண்ணாடி. அம்பு வில்லை விட்டுக் கிளம்பும்போது வளைந்து வளைந்துதான் போகிறது, வளைகிற பொருளில் கண்ணாடியை ஒட்டினால் தெறிக்காமல் என்ன செய்யும்? எங்கள் காலத்து வச்சிரம் மாதிரி வளைந்து கொடுக்கிற பசை வேண்டும். தோலைக் காய்ச்சி எடுத்தது, சூடாகப் பூசி ஒட்டினால் மரம் உடையுமே தவிர ஒட்டு விடாது.

கெடிலக்கரை

ஐயா, வச்சிரத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடலூரில் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் வச்சிரம் இளகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

பழைய ஆட்களே இரண்டையும் சேர்த்துத்தான் செய்திருக்கிறார்கள். 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த மனிதன், 5,000 வருடத்துக்கு முந்தையவன், அவன் அம்பு வைக்கிற தூணியில் 14 தண்டுகள் இருந்தன, இரண்டுக்குத்தான் வேலை முடித்து இறகு வைத்திருந்தான். பாவம், அவனுக்கும் நம்மைப் போலத்தான் போல. அந்த இரண்டிலும் மூன்று பாதி இறகுகள், அடியில் பிர்ச் மரத் தார், மேலே மெல்லிய இழைச் சுற்று. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துக் கப்பலில் ஆயிரக்கணக்கில் அம்பு கிடைத்தது. அதிலும் இறகுப் பகுதியில் செம்பு கலந்து பச்சையாகத் தெரியும் பூச்சு, அதோடு நூல் சுற்றிய தடம்.

பழைய தச்சன்

இரண்டிலும் பசை இருக்கிறதே! என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

குட்டிச்சாத்தான் (நெல்லித்தோப்பு)

பூ கட்டுகிற வாழைநாரில் கட்டலாமா? வீட்டில் நிறைய இருக்கிறது.

வலைக்காரன் (தேவனாம்பட்டினம்)

கேலிக்குக் கேட்டிருந்தாலும் பதில் சொல்கிறேன். நாரை நனைத்துத்தான் கட்ட முடியும், நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கித் தளரும். தலையில் வைக்கிற பூவுக்குச் சாயங்காலம் வரை நின்றால் போதும், அம்புக்குப் போதாது. இதற்கு நேர் எதிர் ஆட்டுக்கால் நரம்பு. பாயா போடுகிற காலிலிருந்து பின்பக்கத்து வெள்ளைத் தசைநாரை எடுத்துக் காயவைத்து, சுத்தியலால் தட்டினால் இழை இழையாகப் பிரியும். வாயில் போட்டு எச்சிலில் ஊறவைத்துச் சுற்றினால் முடிச்சே வேண்டாம், தானே ஒட்டிக்கொண்டு காயக் காய இறுகும். மழை பட்டால் இளகும், அதனால் மேலே ஒரு பூச்சு வேண்டும். நான் செய்து பார்த்தேன், நன்றாக வந்தது, ஆனால் ராத்திரி பூனை ஒரு அம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

நூல் என்றால் பட்டு முதல் தரம். இல்லாவிட்டால் முறுக்கான பருத்தி நூலைத் தேன்மெழுகில் இரண்டு தடவை இழுத்துக்கொள்ளுங்கள். வலைக்கு வைத்திருக்கும் நைலான் வேண்டாம், வழுக்கும், இழுத்தால் நீளும், நீண்டது திரும்பச் சுருங்கும்போது கட்டு தானாக நகரும். நைலான்தான் கையில் இருக்கிறது என்றால் சுற்றி முடித்ததும் மேலே பசை பூசி அடைத்துவிட வேண்டும்.

முடிச்சு போடாதீர்கள். கையைக் கிழித்தது இறகு முனை என்கிறீர்கள், நாளைக்கு முடிச்சு அதே வேலையைச் செய்யும். தூண்டில் கழியில் வளையம் கட்டுகிற முறைதான் இதற்கும். ஆரம்ப நுனியைத் தண்டில் படுக்கவைத்து அதன் மேலேயே சுற்றிக்கொண்டு வாருங்கள், பத்துச் சுற்றில் அது மாட்டிக்கொள்ளும். கடைசி ஆறு சுற்று வரும்போது வேறொரு துண்டு நூலை இரண்டாக மடித்து, மடிப்பு வெளியே தெரிகிற மாதிரி தண்டில் வைத்து, அதன் மேல் அந்த ஆறு சுற்றையும் போடுங்கள். மிச்ச நுனியை மடிப்புக்குள் விட்டு, மடித்த நூலை வெடுக்கென்று இழுத்தால் நுனி சுற்றுகளுக்கு அடியில் போய் மறுபக்கம் வரும். ஒட்ட வெட்டிவிட்டு நகத்தால் தேய்த்துப் பாருங்கள், எங்கே முடிந்தது என்று உங்களுக்கே தெரியாது.

லாஸ்பேட்டை வாத்தி (புதுச்சேரி)

கட்டு, பசை எல்லாம் பேசியாகிவிட்டது, வால் ஆட்டுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நண்பரே, ஒரே அம்பில் வைத்த மூன்று இறகும் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்தவையா?

ஓ.டி. அம்பு

சார், இடம் வலம் என்று பார்க்கவே இல்லை. நீளமும் நிறமும் ஒத்துப்போகிற மாதிரி மூன்று மூன்றாகச் சேர்த்தேன்.

லாஸ்பேட்டை வாத்தி

சரி, ஆள் அகப்பட்டார். இடச் சிறகு இறகும் வலச் சிறகு இறகும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி, வளைவு எதிரெதிர். ஒன்று அம்பை இப்படிச் சுழற்றப் பார்க்கும், இன்னொன்று அப்படி. மூன்றும் ஒரே பக்கமாக இருந்தால் அம்பு பறக்கும்போது தன் அச்சிலேயே மெதுவாகச் சுழலும், தண்டில் இருக்கிற சின்னச் சின்னக் கோணல் எல்லாம் அதில் சமமாகிவிடும். கலந்தால் ஒன்றை ஒன்று தடுக்கும். மூங்கில் எவ்வளவு நிமிர்த்தினாலும் ஓட்டைச்சைக்கிள் சக்கரம் மாதிரி கொஞ்சம் கோணல் இருக்கும், அதனால் மூங்கில் அம்புக்குச் சுழற்சி இன்னும் முக்கியம்.

கண்டுபிடிப்பது சுலபம். இறகின் அடி உங்கள் பக்கம், நுனி எதிர்ப்பக்கம் இருக்கட்டும். நடுத்தண்டில் ஒரு பக்கம் நீளமாகக் குழி ஓடும், அந்தப் பக்கம் கீழே. இப்போது அகலமான பாதி வலது கைப்பக்கம் இருந்தால் வலச் சிறகு, இடது கைப்பக்கம் இருந்தால் இடச் சிறகு. எந்தச் சிறகும் சரிதான், ஒரே அம்பில் கலக்காமல் இருந்தால் போதும்.

கணக்கும் சொல்கிறேன், வாத்தி புத்தி போகாது. வான்கோழிக்குச் சிறகுக்கு 10 முதன்மை இறகுகள். குறுகலானது, கிழிந்தது கழித்தால் ஆறு ஏழு தேறும். அகலப் பாதியை மட்டும்தான் எடுக்க முடியும், ஆகவே ஒரு பறவைக்கு இடத்தில் இரண்டு அம்பு, வலத்தில் இரண்டு அம்பு.

எல்லாம் சரி செய்த பிறகும் வால் ஆடினால் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் என்றால் தண்டின் விறைப்பு வில்லுக்குப் பொருந்தவில்லை. தடவைக்கொரு பக்கம் என்றால் இறகு வேலையில் கோளாறு. மூங்கிலின் தடித்த அடிப்பக்கம் முனையாகவும் மெலிந்த பக்கம் குதையாகவும் வருகிறதா என்றும் பாருங்கள். முன்னால் பாரம், பின்னால் இறகைக் காற்று பிடித்திழுக்கும் இழுவை, அம்பை நேராக வைப்பது இந்த இரண்டும்தான்.

புள்ளினம் (பாகூர்)

ஒரே ஒரு விஷயம், யாரும் கோபப்பட வேண்டாம். பாகூர் ஏரி, ஊசுட்டேரி பக்கம் கீழே கிடக்கும் பருந்து, நாரை, கொக்கு இறகுகளைப் பொறுக்கி அம்புக்கு வைக்கிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, காட்டுப் பறவையின் இறகு எல்லாம் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. வான்கோழி, வளர்ப்பு வாத்து, இவற்றோடு நில்லுங்கள். அதிலும் பெரிய வாத்து இறகு கொஞ்சம் எண்ணெய்ப் பசை உள்ளது, மழைக்கு வான்கோழியைவிடத் தாங்கும். நாட்டுச்சேவல் இறகு பார்க்க அழகு, ஆனால் குட்டை, தொய்வு.

ஓ.டி. அம்பு

மயிலிறகு கேட்கலாம் என்று இருந்தேன், கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டிச்சாத்தான்

பிளாஸ்டிக் இறகு இணையத்தில் விற்கிறதே, எதற்கு இவ்வளவு பாடு?

கெடிலக்கரை

கையின் மேல் வைத்து எய்கிற வில்லுக்கு அது ஆகாது. நிஜ இறகு கையிலும் வில்லிலும் உரசும்போது மடங்கிக் கொடுத்து, தாண்டியதும் திரும்ப நிமிர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் மடங்காது, வில்லில் மோதி அம்பையே தள்ளிவிடும்.

சரி தம்பி, நான் செய்கிற முறையை முழுசாக எழுதுகிறேன், நேற்றுத்தான் ஒன்று முடித்தேன், கையிலேயே இருக்கிறது.

இறகின் நுனிப்பக்கம் இரண்டு அங்குலத்தை வெட்டிப் போட்டுவிடுவேன், அங்கே நடுத்தண்டு ரொம்ப மெலிசு. பிறகு வாத்தியார் சொன்ன குழி இருக்கிறதே, அதில் புது சவர பிளேடை வைத்து அடியிலிருந்து நுனிக்கு ஒரே கோடாக இறக்குவேன். அவசரப்பட்டால் பிளேடு பக்கவாட்டில் ஓடி இறகு போய்விடும். இரண்டாகப் பிளந்ததும் உள்ளே வெள்ளையாக நெட்டி மாதிரி ஒன்று தெரியும். அதை அப்படியே விட்டு ஒட்டினால் பஞ்சு மேல் ஒட்டிய கதை. இரண்டு பழைய ரம்பத் தகடுகளுக்கு நடுவில் இறகின் இழைப் பகுதியைப் பிடித்து, வெள்ளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வைத்து, பலகையில் ஒட்டிய உப்புத்தாளில் முன்னும் பின்னும் தேய்ப்பேன். நெட்டி போய் நடுத்தண்டின் ஓடு மட்டும் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு நிற்கும்போது நிறுத்த வேண்டும். இறகைத் தகட்டிலிருந்து எடுத்து மேசையில் நிறுத்தினால் சாயாமல் தானே நிற்கும், அதுதான் அடையாளம்.

இழைப் பகுதி ஐந்து அங்குலம். இரண்டு முனையிலும் இழையைப் பிய்த்துவிட்டு வெறும் ஓடு விடுவேன், முன்னால் அரை அங்குலம், பின்னால் முக்கால். நுனிப்பக்கம் குதையை நோக்கி வர வேண்டும், அப்போதுதான் இழைகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். தலைகீழாக வைத்தால் காற்று இழையைப் பிரித்துவிடும். நிறையப் பேர் இதைத் தப்பாக வைத்துவிட்டுப் பசையைத் திட்டுகிறார்கள்.

குதையிலிருந்து ஒரு அங்குலம் விரலுக்காக விட்டுவிட்டு, முதலில் மூன்று இறகின் பின்முனையையும் சேர்த்துக் கட்டுவேன். ஒரு இறகு குதை வெட்டுக்குச் செங்குத்தாக, வில்லைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும். மற்ற இரண்டும் வட்டத்தை மூன்றாகப் பங்கு போடுகிற இடத்தில். அந்த ஒற்றை இறகின் அடியில் மஞ்சள் தடவி வைப்பேன், நாணில் பூட்டும்போது பார்க்காமலே தெரியும். அப்புறம் ஒவ்வொன்றையும் முன்பக்கமாக இழுத்து, துளியூண்டு சாய்வாக, அந்த இறகு இயல்பாக வளைகிற பக்கமே சாய்த்து, முன்முனையைக் கட்டுவேன்.

முன்கட்டுதான் உங்கள் கையைக் கிழித்த இடம். அங்கே இறகின் ஓட்டினைக் கத்தியால் சீவிச் சீவித் தாள் மாதிரி மெலிசாக்கி, முனை தண்டோடு ஒன்றாகிற வரை கொண்டுவந்து, முனையைத் தாண்டி நாலு சுற்று வெறும் தண்டின் மேலும் வர வேண்டும். முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் விரலை ஓட்டுங்கள். விரல் எங்காவது நின்றால் அந்த அம்பை எய்யாதீர்கள்.

இழைகளுக்கு நடுவே ஊசியால் வழி பிரித்து நீளத்துக்கும் சுற்று போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. இரண்டு முனையும் கட்டி, ஓட்டின் அடியில் மெல்லிய கோடாகப் பசை, அவ்வளவுதான்.

பழைய தச்சன்

கடைசியில் பசைக்கு வந்தீர்களா? கட்டின் மேல் பூச குங்கிலியமும் தேன்மெழுகும் சேர்த்து உருக்குங்கள், நாலுக்கு ஒன்று. படகுச் சந்தில் பூசுகிற சரக்கு, கடல் தண்ணீருக்கே பயப்படாது. மெழுகு கூடினால் வெயிலில் பிசுபிசுக்கும், குறைந்தால் பூச்சில் வெடிப்பு விழும். அடுப்பில் நேராக வைக்காதீர்கள், தீப்பிடிக்கும், சட்டிக்குள் சட்டி வைத்துக் காய்ச்சுங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஈரத்துக்கு நல்லதுதான், கை பட்டால் தோல் வெந்துவிடும்.

ஓ.டி. அம்பு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நாலு அம்பு செய்தேன். கெடிலக்கரை அண்ணன் சொன்ன மாதிரி சுரண்டி, வலைக்காரர் சொன்ன மாதிரி மறைகட்டு, தச்சர் ஐயா பூச்சு. முதல் அம்பில் மட்டும் பிளேடு ஓடி இரண்டு இறகு வீண். வெள்ளை நெட்டியைத் தேய்க்கும்போது வீடு முழுக்கத் தூள், தும்மல், அதற்குத் தனி வசவு.

தோப்பில் பத்துப் பத்தாக 40 தடவை எய்தேன். ஒரு இறகும் வரவில்லை. ஒரு அம்பு வேலிக் கல்லில் பட்டு முனை நசுங்கியது, இறகு அப்படியே இருக்கிறது. சுழன்று போவது கண்ணுக்கே தெரிகிறது சார், மஞ்சள் தடவியது சுற்றுகிறது. ஒன்று மட்டும் இன்னமும் வால் ஆட்டுகிறது, எப்போதும் இடப்பக்கமே. அப்படியென்றால் தண்டு விறைப்புதானே?

இன்னொரு சந்தேகம், பெட்டியில் அழுத்தி வைத்ததில் ஒரு அம்பின் இறகு நசுங்கிவிட்டது, பிய்த்துவிட்டு வேறு வைக்க வேண்டுமா?

லாஸ்பேட்டை வாத்தி

ஆமாம், விறைப்புதான். அந்த ஒன்றைத் தனியாக வையுங்கள், உங்கள் வில்லுக்கு அது ஆகாது.

வலைக்காரன்

பிய்க்காதீர்கள். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கும்போது மூடியைத் திறந்து ஆவியில் அரை நிமிடம் காட்டுங்கள், மடங்கிய இறகு தானே நிமிரும். பூச்சு இளகாமல் கட்டை ஈரத்துணியால் சுற்றிக்கொள்ளுங்கள். இட்லி வெந்து இறக்கிய பிறகு செய்யுங்கள், முன்னால் செய்தால் இட்லியில் கோழி வாடை அடிக்கும், அனுபவம். மிச்ச இறகுகளை வேப்பிலையோ அந்துருண்டையோ போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், பூச்சி வந்தால் ஒரே வாரத்தில் இழை எல்லாம் சல்லடை.

புள்ளினம்

கிராமத்துத் தோப்பு என்றாலும் பின்னால் மண்மேடு இருக்கிறதா பாருங்கள். இடம் சின்னது என்றால் ஒரு அம்புக்கு மட்டும் இறகை வெட்டாமல் முழு உயரத்துக்கும் ஆறு இறகு வைத்துப் பாருங்கள், இழுவை அதிகமாகிக் கொஞ்ச தூரத்திலேயே வேகம் செத்து விழுந்துவிடும்.

ஓ.டி. அம்பு

மண்மேடு இருக்கிறது, அதற்குப் பின்னால் முந்திரி, ஆள் நடமாட்டம் கிடையாது. ஆறு இறகு வைக்க ஆசைதான், கையில் இருப்பதைப் பிரித்துப் பார்த்தால் வலச் சிறகு 11, இடச் சிறகு 2, அந்த இரண்டும் தனியாக ஒரு அம்புக்கும் ஆகாது. யாரிடமாவது இடது மீதி இருக்கிறதா? ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம்.

குட்டிச்சாத்தான்

சிரிக்க மாட்டீர்கள் என்றால் சொல்கிறேன், இந்த விவாத இழையைப் படித்துவிட்டு நானும் ஒரு சிறகு வாங்கினேன். ஏழும் இடது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக்கு வருவீர்களா? பத்து மணிக்கு மேல் வந்தால் கூட்டத்தில் இறகு நசுங்கும், சீக்கிரம் வாருங்கள்.

ஓ.டி. அம்பு

எட்டு மணிக்கு இருப்பேன். நாலு இடது தாருங்கள், நாலு வலது தருகிறேன், மூன்று இருந்தால்தான் உங்களுக்கும் ஒரு அம்பு ஆகும். வில் இருக்கிறதா உங்களிடம்?

குட்டிச்சாத்தான்

அதைத்தான் அடுத்த இழையில் கேட்கப்போகிறேன்.